விலக்கி வைக்கப்பட்டவரிடம் பேசாமலிருப்பது அன்பாகுமா?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் குடித்துவிட்டு மனைவியை அடித்த சகோதரர் ஒருவரை மூப்பர்கள் (சபையை நடத்தும் பெரியவர்கள்) திருவிருந்திலிருந்து (அப்பமும் இரசமும் பகிரும் ஆராதனையிலிருந்து) விலக்கி வைத்திருக்கிறார்கள். அவர் ஆராதனைக்குத் தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும், ஒருவரும் அவருக்கு முகங்கொடுப்பதில்லை. கேட்டால், "பாவத்தைத்தான் வெறுக்கிறோம், பாவியை அல்ல" என்கிறார்கள். இது எந்த வசனம்? சங்கீதம் 5:5 "அக்கிரமக்காரர் யாவரையும் வெறுக்கிறீர்" என்று ஆளையே அல்லவா சொல்லுகிறது?

பதில் 1:
அந்த வாக்கியம் அப்படியே வேதத்தில் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் ஹிப்போவின் ஆயராயிருந்த அகுஸ்தீன், கன்னியர் மடம் ஒன்றுக்கு எழுதிய 211ஆம் கடிதத்தில், ஒரு சகோதரியின் குற்றத்தைக் கண்டறிவதும் தடுப்பதும் தண்டிப்பதும் மனிதர்மேல் அன்போடும் குற்றத்தின்மேல் வெறுப்போடும் நடக்கவேண்டும் என்கிறார். தண்டனை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த விதி ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, தினமும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பவர்களுக்கு எழுதப்பட்டது. பேசாமலிருப்பதற்கு அதைச் சாக்காகச் சொல்வது எனக்கு விநோதமாகவே படுகிறது. சங்கீதம் 5:5 தேவனுடைய நியாயத்தீர்ப்பைப் பற்றியது. அதை நம் கையில் எடுத்துக்கொள்ள நமக்கு அதிகாரமில்லை.

பதில் 2:
மூப்பர்களுக்கும் வசன ஆதாரம் உண்டு என்பதை மறுக்கமுடியாது. சகோதரன் எனப்படுகிறவன் வெறியனாயிருந்தால் (அதாவது குடிவெறியனாயிருந்தால்) அவனோடு புசிக்கவும் கூடாது என்று 1 கொரிந்தியர் 5:11 சொல்லுகிறது. ஆயினும் அதை எழுதிய அப்போஸ்தலன் பவுலே, கீழ்ப்படியாதவனை விட்டு விலகச் சொன்ன கையோடு, "அவனைச் சத்துருவாக எண்ணாமல், சகோதரனாக எண்ணி, அவனுக்குப் புத்திசொல்லுங்கள்" என்று 2 தெசலோனிக்கேயர் 3:15இல் எழுதுகிறார். வாய் திறக்காமல் எப்படிப் புத்தி சொல்வது?

பதில் 3:
அடித்தவரை நேசிப்பதைப் பற்றி இவ்வளவு எழுதியும், அடிபட்ட சகோதரி எங்கே இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. "மன்னித்துவிடம்மா" என்று சொல்லி அவரைத் திரும்ப அதே வீட்டுக்கு அனுப்புவது பாவியின்மேல் காட்டும் அன்பு ஆகாது. அது பாவத்துக்கு இடங்கொடுப்பது. வரி வசூலிப்பவனாகிய சகேயுவின் வீட்டுக்கு இயேசு தாமே போனார். சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நான்கு மடங்காய்) திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான்.

கேட்டவர்:
அச்சகோதரி தாய்வீட்டில் இருக்கிறார். அவரையும் சபையார் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியச் செயலாளரோடு அங்கே போகிறேன். மூப்பர்களிடம் பேசுவது அதற்குப் பிறகுதான்.