புதுப்பிப்பு: பன்ட் தடுக்கப்படும் பிரச்சினை தீர்ந்தது

டெக்சாஸில் நான் உதவிப் பயிற்சியாளராக இருக்கும் உயர்நிலைப் பள்ளி அமெரிக்க ஃபுட்பால் அணியில், எதிரணி புகுந்து புகுந்து எங்கள் பன்ட்டை, அதாவது கையிலிருந்து விட்ட பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்தனுப்புவதை, தடுக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பலன் தந்தது ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கச் சொன்ன யோசனைதான். கால்களுக்கிடையில் பந்தைப் பின்னால் வீசும் லாங் ஸ்னாப்பர் 14 யார்டு பின்னால் சரியாகத்தான் அனுப்புகிறான், 0.8 விநாடி; ஆனால் உதைக்கும் பையன், அதாவது பன்டர், பந்தைக் கையில் திருப்பித் திருப்பி அதன் லேஸ் தையலைத் தேடி, மூன்று அடி எடுத்துவைத்து உதைப்பதற்குள் மொத்தம் 2.5 ஆகிவிடுகிறது. இரண்டே அடியாகக் குறைத்தோம், இப்போது 2.1. அப்புறம் ஷீல்டு அமைப்புக்கும் மாறினோம், பன்டருக்கு முன்னால் மூன்று பெரிய பையன்கள் சுவர் மாதிரி. எதிர்பாராத விஷயம், உதையின் தூரம் கொஞ்சம் குறைந்தும் எதிரணி பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடிவரும் ரிட்டர்ன் யார்டுகள் கூடவில்லை, குறைந்தன. தொழில்முறை லீக்கான என்எஃப்எல் மாதிரி இல்லாமல் பள்ளி ஆட்டத்தில் ஸ்னாப் ஆனதுமே, உதைக்கும்வரை காத்திராமல், எங்கள் பையன்கள் எல்லாரும் பந்தைப் பிடிப்பவனை நோக்கி ஓடலாமே! கடைசி நான்கு ஆட்டங்களில் ஒரு பன்ட்கூடத் தடுக்கப்படவில்லை.