நாலரை வயதுக் குழந்தையை பைக்கில் பின்னால் உட்கார வைக்கலாமா?

மகளுக்கு நாலரை வயது. இதுவரை டேங்க் மேல் முன்னால்தான் உட்கார வைத்து ஓட்டினேன், இப்போது ஹேண்டிலைத் திருப்பினாலே அவள் முட்டி இடிக்கிறது. பின்னால் மாற்றலாமா? குழந்தையை நம்மோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் போதுமா?

பதில் 1:
முன்னால் வைப்பதை முதலில் நிறுத்துங்கள். திடீரென பிரேக் பிடித்தால் உங்கள் மொத்த எடையும் அவளை ஹேண்டிலோடு சேர்த்து நசுக்கும். பின்னால் என்றால் வயதை விட கால்தான் கணக்கு. பாதம் ஃபுட்ரெஸ்டில் முழுதாகப் பதிய வேண்டும், தொங்கினால் குதிகால் ஸ்போக்ஸில் மாட்டும், சைலன்சரில் பட்டு சுடும். எட்டவில்லையா, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்.

பதில் 2:
ஹெல்மெட் பற்றி யாருமே கேட்பதில்லை! பெரியவர்களுடையதைப் போட்டுவிடாதீர்கள், அந்தக் கழுத்து அவ்வளவு எடை தாங்காது. பட்டையை மாட்டி ஹெல்மெட்டை அசைத்துப் பாருங்கள், கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர்ந்தால் சரியான அளவு. வளர்ந்ததும் போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்க இது பள்ளிச் சட்டை இல்லை.

பதில் 3:
பெல்ட் வாங்கினேன். தூங்கி விழாமல் பிடிக்கும், அவ்வளவுதான். வண்டி சாய்ந்தால் குழந்தையும் நம்மோடு சேர்ந்தே விழும், அதனால் சட்டென்று கழற்றக்கூடிய கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் பையன் பத்தே நிமிடத்தில் தூங்கிவிடுவான், அதனால் பேசிக்கொண்டே ஓட்டுவேன், பதில் வரவில்லை என்றால் ஓரம் கட்டிவிடுவேன்.

கேட்டவர்:
இப்போதுதான் உட்கார வைத்துப் பார்த்தேன், கால் எட்டவில்லை. சரி, பஸ்தான்.