புதுப்பிப்பு: பள்ளத்தாக்கா, முகடா? போய் வந்தாச்சு

மூன்று ஓடைகளைக் கடக்கும் பள்ளத்தாக்கு வழியா, அரை நாள் கூடுதலான முகட்டு வழியா என்று கேட்டிருந்தேனே, பள்ளத்தாக்கில்தான் போனேன். முதல் இரண்டு ஓடைகளும் கணுக்கால் அளவுதான். மூன்றாவதை அடைந்தபோது மாலை 4 மணி. பனி உருகி வரும் ஓடை, அந்நேரம்தான் பெருகும். குச்சி ஒன்றை எறிந்து கூடவே நடந்தேன். என்னை முந்திப் போய்விட்டது, தண்ணீர் அவ்வளவு வேகம். அடியில் கற்கள் உருளும் சத்தம் வேறு. சரி என்று அங்கேயே கூடாரம் போட்டேன்.

விடியற்காலையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. சற்று மேலே ஓடை மூன்றாகப் பிரிந்து அகன்று ஓடும் இடம் பார்த்து, விழுந்தால் பையைச் சட்டென்று கழற்ற வசதியாக அதன் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு, ஷூவோடேயே கடந்தேன். வெறுங்காலில் இறங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும். திரும்பும்போது முகட்டு வழிதான். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி முழுக்க மழை, ஓடைகள் பெருகியிருக்கும்.