ஜூடோவுக்கு டெல்லியில் ஒரு கூட்டமைப்பு எதற்கு?

அம்மாபேட்டை அப்பா:
என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று வருடமாக ஜூடோ. நாங்கள் தறி ஓட்டுகிற குடும்பம். போன மாதம் சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டப் போட்டி என்று சொல்லி நடத்தினார்கள். நுழைவுக் கட்டணம் 800 ரூபாய். 44 கிலோ பிரிவில் முதலாவதாக வந்தாள். சர்டிபிகேட்டைப் பள்ளியில் கொடுத்தால், "இதை நடத்திய சங்கத்துக்கு மாநிலச் சங்கத்தின் இணைப்பு இல்லை, இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை.

டெல்லியில் இந்திய ஜூடோ கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறதாம். அதற்கு என்ன வேலை? நம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே போட்டி நடத்தி, அவர்களே சர்டிபிகேட் கொடுத்தால் போதாதா? நடுவில் இத்தனை சங்கம் எதற்கு?

பிரவுன் பெல்ட்:
அண்ணா, பாப்பாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. நானும் இதே ஊரில் ஆடியவள்தான். ஆனால் கூட்டமைப்பே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது.

1951இல் தொடங்கிய சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு ஒரு நாட்டிலிருந்து ஓர் அமைப்பைத்தான் ஏற்கும். உலகப் போட்டிக்குப் பெயர் அனுப்புவது அந்த அமைப்புதான். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும், தேசிய அளவில் ஆடியதற்கான படிவத்தில் தேசியக் கூட்டமைப்போ மாநிலச் சங்கமோ கையெழுத்துப் போட வேண்டும்.

விதிகளையும் பாருங்கள். எதிராளியின் காலைக் கையால் பிடித்து வீழ்த்துவதை 2010இல் கட்டுப்படுத்தினார்கள், 2013இல் அடியோடு தடுத்தார்கள். இது தெரியாத ஒருவர் மண்டபத்தில் நடத்துகிற போட்டியில் காலைப் பிடித்து ஜெயிக்கிற குழந்தை, வெளியூர்ப் போட்டியில் மேட்டில் (ஆடுகிற மெத்தை விரிப்பில்) ஏறியதும் தண்டனை வாங்கும். மாறுகிற விதியைச் சேலம் வரைக்கும் கொண்டுவர யாராவது வேண்டாமா?

கொண்டலாம்பட்டி மாஸ்டர்:
தங்கச்சி, அந்த விதி மாற்றத்தை எனக்கு எந்தக் கூட்டமைப்பும் சொல்லவில்லை. யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 19 வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மேலிருந்து ஒரு மேட் வந்ததில்லை. பெல்ட் டெஸ்ட் பணமும் இணைப்புக் கட்டணமும்தான் கீழிருந்து மேலே போகின்றன.

2022ஐ நினைத்துப் பாருங்கள். நிர்வாகம் சரியில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கூட்டமைப்புக்கு நிர்வாகியாக நியமித்தது. அதே வருடம் பர்மிங்காம் காமன்வெல்த்தில் சுசீலா தேவிக்கும் துலிகா மானுக்கும் வெள்ளி, விஜய் குமார் யாதவுக்கு வெண்கலம். அதே ஆகஸ்டில் போஸ்னியாவின் சரயேவோவில் மணிப்பூர்ப் பெண் லிந்தோய் சானம்பம் 57 கிலோவில் உலக கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) சாம்பியன் ஆனாள். எந்த வயதுப் பிரிவிலும் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அந்தப் பெண் வளர்ந்தது கர்நாடகத்தில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில். பொறுப்பாளர்கள் நாற்காலியில் இல்லாத வருடத்தில் இவ்வளவும் நடந்திருக்கிறது. அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி.

பிரவுன் பெல்ட்:
நாற்காலியில் ஆள்தான் மாறினார்கள், மாஸ்டர். நாற்காலி அப்படியே இருந்தது. கூட்டமைப்பு என்ற ஒன்று இல்லையென்றால் லிந்தோயின் பெயர் சரயேவோவுக்குப் போயிருக்காது.

அண்ணா அரசே நடத்தட்டும் என்கிறார். எனக்கு அங்கேதான் பயம். 2019 டோக்கியோ உலகப் போட்டியில் ஈரானின் சயீத் மொல்லாயி நடப்புச் சாம்பியனாக இறங்கினார். இறுதியில் இஸ்ரேல் வீரர் சாகி முக்கியோடு மோத வேண்டி வரலாம் என்பதால், தோற்றுவிட்டு வெளியே வரும்படி அவர் நாட்டு அதிகாரிகள் அழுத்தம் கொடுத்தார்கள். அவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. சர்வதேசக் கூட்டமைப்பு ஈரானின் அமைப்பை இடைநீக்கம் செய்தது. அவர் மங்கோலியாவுக்காக ஆடி டோக்கியோ ஒலிம்பிக்கில் 81 கிலோவில் வெள்ளி வாங்கினார். அரசு சொல்வதைக் கேட்டு நடக்கிற கூட்டமைப்பு தன் வீரனைக் காப்பாற்றாது. தனித்து நிற்கிற அமைப்பு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அம்மாபேட்டை அப்பா:
ஈரான் கதை புரிகிறதம்மா. எனக்கு 800 ரூபாய் கட்டுவதற்கு முன்னால் எந்தச் சங்கம் உண்மையானது என்று தெரிந்திருக்க வேண்டும். அதை யாரிடம் கேட்பது?

ஏற்காடு பி.டி. சார்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் பதக்கத்தையும் சர்டிபிகேட்டையுமே பேசுகிறீர்கள்.

எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் காப்பித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். போட்டி என்றால் விடியற்காலையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பாதிப் பேர் வாந்தியெடுத்து, வெறும் வயிற்றோடு எடை பார்க்க நிற்பார்கள். சில பயிற்சியாளர்கள் எடை குறைந்து கீழ்ப் பிரிவில் ஆடட்டும் என்று முந்தின நாள் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை. 12 வயதுப் பிள்ளைக்கு! ஒருமுறை நானே சண்டை போட்டேன்.

ஜூடோவில் முதலில் கற்றுத்தர வேண்டியது விழுவதற்கு. மோவாயை நெஞ்சோடு சேர்த்து, கையால் மேட்டைத் தட்டி விழுகிற உக்கெமி. அது சரியாக வராத பிள்ளையைக் காலை வாரிப் பின்பக்கமாகச் சாய்த்தால் தலையில் அடிபடும். 1882இல் ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கிய ஜப்பானிலேயே, 1983இலிருந்து முப்பது ஆண்டுக்குள் நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி ஜூடோவில் இறந்திருக்கிறார்கள். 2013இல் பெண்கள் அணியில் 15 பேர், பயிற்சியாளர் அடிக்கிறார் என்று புகார் சொன்ன விவகாரம் வெடித்து, அந்த ஆண்டே ஜப்பான் கூட்டமைப்பின் தலைவர் விலகினார். 2022இல் அதே கூட்டமைப்பு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது. வெற்றி வெறியில் பெரியவர்கள் பிள்ளைகளின் எடையைக் குறைக்க வைக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

தேசியக் கூட்டமைப்பின் வேலை என்று நான் இதைத்தான் கேட்பேன். யார் சொல்லிக்கொடுக்கலாம், எந்த மேட்டில், எந்த வயதில் எந்த வீச்சு (எதிராளியை வீழ்த்தும் முறை). பிரான்சில் பணம் வாங்கி ஜூடோ சொல்லிக்கொடுக்க அரசுப் பட்டயம் கட்டாயம். இங்கே பெல்ட்டும் வாடகை மண்டபமும் போதும்.

கொண்டலாம்பட்டி மாஸ்டர்:
தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி சார். நானும் பார்த்திருக்கிறேன், வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். அது தப்புதான்.

ஆனால் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி வேண்டாம் என்றால் என் கிளாஸ் மூன்றே மாதத்தில் காலியாகிவிடும். ஜப்பானில் பள்ளியிலேயே ஜூடோ பாடம் இருக்கிறது. இங்கே ஒரு மெடல் வந்தால்தான் அப்பா அம்மா அடுத்த மாதம் ஃபீஸ் கட்டுகிறார்கள்.

பிரவுன் பெல்ட்:
அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி தேசிய விளையாட்டு வாரியம் ஒன்று கூட்டமைப்புகளை அங்கீகரிக்கும், அவற்றின் இணைப்புச் சங்கங்களையும் பதிவு செய்யும். நிர்வாகக் குழுவில் 15 பேருக்கு மேல் கூடாது, அதில் குறைந்தது 4 பெண்கள், சிறந்த வீரர்கள் இருவர். தகராறுக்குத் தனித் தீர்ப்பாயம். இந்தப் பதிவேடு மாவட்டம் வரை இறங்கி எல்லார் கண்ணிலும் பட்டால், அண்ணா போனிலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

கொண்டலாம்பட்டி மாஸ்டர்:
பதிவேட்டில் யார் பெயரைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்வார்கள்? மாநிலச் சங்கத்தோடு ஒத்துப்போகிறவன் உள்ளே, கேள்வி கேட்கிறவன் வெளியே. அந்த மண்டபத்தில் போட்டி நடத்தியவர்களிலும் இணைப்புக்கு நடையாய் நடந்து ஓய்ந்தவர்கள் இருக்கலாம். என் கிளப்புக்கு இணைப்புக் கடிதம் வாங்க எனக்கு நான்கு வருடம் ஆனது.

ஏற்காடு பி.டி. சார்:
அப்படியென்றால் சேர்க்க மறுப்பதற்கான காரணத்தையும் அந்தப் பதிவேட்டிலேயே எழுதட்டும். எழுத்தில் இருந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

கொண்டலாம்பட்டி மாஸ்டர்:
எழுதுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை சார். தீர்ப்பாயத்துக்குப் போகிற செலவு யாருடையது? அண்ணா, பாப்பாவை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இங்கே கூட்டி வாருங்கள். இணைப்புக் கடிதத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் மாதம் ஃபீஸ் வேண்டாம்.

அம்மாபேட்டை அப்பா:
வருகிறேன் மாஸ்டர். ஃபீஸ் கட்டிவிடுகிறேன், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பி.டி. சார் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். மண்டபத்தில் எடை பார்த்த அன்று அவளும் தண்ணீர் குடிக்கவில்லையாம், எனக்கு இன்றுதான் சொல்கிறாள். இப்போது 46 கிலோ இருக்கிறாள். 48இல் ஆடட்டும்.