டிஸ்டோபியாவுக்குத் தமிழ்: துயருலகா, கொடுநெறியுலகா?

> 'துயருலகு' போதுமே ஐயா. ஐந்தே எழுத்து, சொன்னதும் புரிகிறது.

டிஸ்டோபியா என்பது மக்களை வதைக்கும் ஏற்பாட்டில் இயங்கும் கற்பனைச் சமூகம். வெறும் துயர் என்றால் வெள்ளம் புகுந்த ஊரும் துயருலகுதானே? துயர் அங்கே வாழ்பவர் படுவது. டிஸ்டோபியா சுட்டுவது அதை உண்டாக்கும் ஏற்பாட்டை. 2019இல் வந்த ஸ்பானியப் படம் 'தி பிளாட்பார்ம்' பாருங்கள். செங்குத்தான சிறை, தளத்துக்கு இருவர். உணவு பரப்பிய மேடை உச்சியிலிருந்து இறங்கும். மேலே தின்ற மிச்சம்தான் கீழே. மாதம் ஒருமுறை தளம் மாறும். எதையாவது ஒளித்துவைத்தால் அறை கொதிக்கும், இல்லையேல் உறையும். எங்கும் பழுதே கிடையாது! பன்னகோட்டா என்ற இத்தாலிய இனிப்பில் ஒரு முடி கிடந்ததற்குத் தலைமைச் சமையல்காரர் ஆட்களை நிற்கவைத்துக் குடைகிறார். அத்தனை ஒழுங்காக நடக்கும் கொடுமைக்குப் பெயர் வைக்கும்போது அதில் 'நெறி' இருந்தாக வேண்டும். என் பரிந்துரை: கொடுநெறியுலகு.

'பாழுலகு' ஊழிக்குப் பிந்தைய படங்களுக்கு இருக்கட்டும். 'தீயுலகு' வேண்டவே வேண்டாம், சப்டைட்டிலில் எரிகிற உலகம் என்றே படிப்பார்கள்.

---

> அதில் 'நெறி' இருந்தாக வேண்டும்

சரி. ஆனால் 'கொடு' ஏவலும் ஆயிற்றே. அச்சில் வரிக்கடைசியில் 'கொடு' நின்று அடுத்த வரியில் 'நெறியுலகு' விழுந்தால் எதையோ கொடுக்கச் சொல்வதாகும். இதற்கு எதிரான, குறையே இல்லாத கற்பனைச் சமூகமான யூடோபியாவுக்குக் 'கனவுலகு' புழங்குகிறது. அதற்கு இணையாகக் 'கெடுகனவுலகு' ஆகாதா?

---

கனவுலகு என்றால் நம்மவர்க்குச் சினிமாத்துறை. திரை விமர்சனத்திலேயே அதைக் கலந்தால் வாசகர் தடுமாறுவார். தவிர, இந்தப் படத்தின் கூர்மை கணக்கில் இருக்கிறது. நிர்வாகத்தில் வேலைபார்த்துவிட்டு உள்ளே வரும் இமோகிரி, மொத்தம் 200 தளம் என்று நம்புகிறாள். அவரவர் தேவைக்கு எடுத்தால் எல்லோருக்கும் எட்டும் என்கிறாள். இருப்பதோ 333. தளத்துக்கு இருவர் வீதம் 266 பேர் அவள் கணக்கிலேயே வரவில்லை. இன்றைய நிர்வாகத்துக்கு விழும் குத்து இதுதான். 'கனவு' சேர்த்தால் மழுங்கிவிடும்.

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து விவாதத்தின்போது டிஸ்டோபியா என்ற சொல்லை ஒட்டிப் பேசியதும் அரசின் கொள்கையைச் சாடத்தான். ஆளும் முறை அப்போதே பொருளில் இருக்கிறது. கொடுங்கோலிலிருந்து 'கோலை' விட்டது வேண்டுமென்றே. இப்படத்தில் அரசன் முகம் எங்கும் தெரியாது.

வரிமுறிவுச் சிக்கல் உண்மை. சேர்த்தே எழுதுங்கள்; முறிக்க அனுமதிக்கும் இடத்தைக் 'கொடுநெறி'க்குப் பின்னால் மட்டும் வையுங்கள். சொற்பட்டியலில்: பெயர் கொடுநெறியுலகு, அடை கொடுநெறி; சேரும்போது கொடுநெறிப்படம், கொடுநெறிப்புதினம் என வலி மிகும். கட்டுரையில் முதன்முறை வருமிடத்தில் டிஸ்டோபியா என்றும் பக்கத்தில் போடலாம்.

குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்து நிற்பதைக் காட்டி யூடோபியாவைச் 'செந்நெறியுலகு' ஆக்கச் சிலர் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். தாமஸ் மோர் 1516இல் தம் நூலுக்கு வைத்த 'யூடோபியா' என்ற பெயரில் 'எங்குமில்லாத இடம்' என்ற பொருளும் உண்டு, செந்நெறி அதைத் தாங்காது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.