திருவருட்சாதனங்களில் 'பொருள்', 'வடிவம்': வேறு சொல் வேண்டும்

தாண்டவன்வெளி மறையாசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கான கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் போன்ற திருச்சடங்குகளான அருட்சாதனங்கள் ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் மட்டீரியா, ஃபோர்மா என்று இரண்டு உண்டு என்பது பழைய இறையியல் பாடம். ஞானஸ்நானத்தில் தண்ணீர் முதலாவது, ஊற்றும்போது குரு சொல்லும் வார்த்தைகள் இரண்டாவது. 'பொருள்', 'வடிவம்' என்று எழுதிப் படிப்பித்தேன். "ஞானஸ்நானத்தின் பொருள் என்ன?" என்று கேட்டால் "பாவம் கழுவப்படுதல்" என்று எழுதுகிறார்கள். பிள்ளைகளில் பிழை இல்லை, பொருள் என்றால் அவர்களுக்கு அர்த்தம்தான். உதவுங்கள்.

காரைதீவு தமிழாசிரியர்:
டீச்சர், இரண்டாவதைத் தொல்காப்பியரிடமே கேட்கலாம். 'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.' ஆணையோடு சொல்லப்படுவது, சொன்னபடி ஆவது, அதுதானே நீங்கள் சொல்வது? 'மறைமொழி' என்றே வையுங்கள். மறைக்கல்வி, மறைமாவட்டம், மறையுரை என்று உங்கள் கோயிலில் 'மறை' ஏற்கெனவே புழங்குகிறது. முதலாவதுக்குக் 'கருப்பொருள்'. நெய்தலுக்கு மீனும் உப்பும் போல ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர். கரு, கருவி, கருமம் மூன்றும் ஒரே வேர் என்பது என் எண்ணம், அதைத் தனியாக எழுதுகிறேன். கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த எங்களூர் விபுலாநந்த அடிகள் உங்கள் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர் என்பதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

கல்முனை ஓய்வுபெற்ற அதிபர்:
தம்பி, கருப்பொருளிலும் பொருள் இருக்கிறதே, டீச்சரின் தலையிடி தீரவில்லை. அருட்சாதனத்துக்கே முன்பு 'தேவதிரவிய அனுமானம்' என்றுதான் பெயர், எங்கள் அம்மா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். 'திரவியம்' என்று எழுதினால் என்ன? தண்ணீர், அப்பம், திராட்சை இரசம், தைலம் எல்லாம் அடங்கும். வடசொல் என்று தள்ளினால் ஞானஸ்நானத்தையும் தள்ள வேண்டும்.

புளியந்தீவு குருவானவர்:
சேர், பாவசங்கீர்த்தனத்தில் 'திரவியம்' நிற்காதே. அங்கே கையில் எடுக்க ஒன்றும் இல்லை. மனம் வருந்துவது, பாவத்தை அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது என்று பாவியின் செயல்கள்தான் அந்த இடத்தில் நிற்கின்றன என்று 1551இல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் சொன்னது, அதுவும் 'மட்டீரியா போன்றவை' என்று கவனமாக. ஆகவே செயலுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். மறைமொழிக்கு என் முழு ஆதரவு. 'நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன்' என்பதற்குப் பதிலாக 'நாங்கள்' என்று சொல்லிக் கொடுத்தால் அது செல்லாது, திரும்பக் கொடுக்க வேண்டும் என்று 2020இல் ரோம் அறிவித்தது. தண்ணீர் அதே தண்ணீர்தான், ஒரு சொல் மாறியதால் அருட்சாதனமே இல்லாமல் போய்விட்டது. இதை 'வடிவம்' என்ற சொல்லால் பிள்ளைக்கு எப்படி விளங்க வைப்பது?

தாண்டவன்வெளி மறையாசிரியை:
மறைமொழியை எடுத்துக்கொண்டேன், நன்றி சேர். முதலாவதுக்கு 'மூலப்பொருள்' என்று பலரும் தனிமடலில் எழுதியிருக்கிறீர்கள், நேரமில்லாததால் அதையே போடுகிறேன். பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் ஃபாதர் சொன்னதை இரண்டு வரியில் சேர்க்கிறேன்.

காரைதீவு தமிழாசிரியர்:
மூலப்பொருள் தொழிற்சாலைச் சொல், எனக்கு உடன்பாடில்லை. 'பொருள்' வேண்டாமென்றால் வெறும் 'கரு' போதும், செயலுக்கும் பொருந்தும். அடுத்த பதிப்பிலாவது பாருங்கள் டீச்சர்.