புதுப்பிப்பு: ஓஎஸ் அப்டேட்டுக்குப் பிறகு பிரவுசரில் வந்த கறுப்புக் கட்டங்கள் போய்விட்டன

போன வாரம் யாங்கூனிலிருந்து கேட்டிருந்தேன்: லேப்டாப்பில் ஓஎஸ் அப்டேட் ஆனதிலிருந்து பிரவுசரில் ஸ்க்ரோல் செய்தால் கறுப்புக் கட்டங்கள் வருகின்றன, பாதி எழுத்து மறைகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பாடங்களை நேரத்துக்கு எடுத்துவிட்டேன்.

கேஷை அழித்தேன், எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தினேன், புது புரொஃபைலும் போட்டேன், எதற்கும் அசையவில்லை. ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை (பக்கம் வரைகிற வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைக்கச் சொன்ன அண்ணன் சொன்னதுதான் சரி. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் அதை அணைத்து, பிரவுசரை முழுதாக மூடித் திறந்ததும் கட்டங்கள் போய்விட்டன. ஆனால் பக்கம் வரைகிற வேலை முழுக்கப் பிராசசர் தலையில் விழுந்ததால் வீடியோ திக்கியது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கியது. கரண்ட் போய்ப்போய் வருகிற இந்த ஊரில் அது பெரிய விஷயம். அப்புறம் பார்த்தால், அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரையே அப்டேட் மாற்றி வைத்திருந்தது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டு, ஆக்சிலரேஷனை மறுபடி ஆன் செய்தேன். நான்கு நாளாக ஒரு குறையும் இல்லை.

எதிர்பாராத ஒன்று: ஒரு பழைய பர்மியப் பக்கம் மட்டும் இன்னும் குழம்பியே தெரிந்தது. அதற்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தமில்லை, அது ஜாவ்ஜி எழுத்துருவில் அடித்த பக்கம். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக எண் கொடுக்கும் யூனிகோடில் பர்மிய எழுத்துக்கு உள்ள அதே எண்களை ஜாவ்ஜி வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. 2019 அக்டோபரில் மியான்மர் யூனிகோடுக்கு மாறியபோது மாற்றாமல் விட்ட பக்கங்கள் இப்படித்தான் தெரியும், ஜாவ்ஜி கன்வெர்ட்டரில் ஒட்டினால் படிக்கலாம்.